ராணி எறும்பைத் தேடிப் பிடிப்பது எப்படி? முதன்முறை இறங்குபவர்களுக்கு

நான் முதன்முதலில் பிடித்த ராணி, ராணியே இல்லை. கட்டெறும்புக் கூட்டத்தில் பெரிய தலையோடு திரிந்துகொண்டிருந்த ஒரு வேலைக்காரி. அதை டெஸ்ட் டியூபில் போட்டு, இன்று முட்டையிடும், நாளை முட்டையிடும் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். ஒரு நாள் காலையில் செத்துக் கிடந்தது. எறும்பு வளர்க்க ஆசைப்படும் பலரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான். அதனால் எங்கே தேடுவது என்பதைவிட, எதைத் தேடுகிறோம் என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்லப்போகிறேன்.

வழியில் போகிற பத்து எறும்பைப் பிடித்து டப்பாவில் போட்டாலும் வளர்ப்புதானே என்று கேட்கலாம். வேலைக்கார எறும்புகள் சில வாரங்களோ மாதங்களோ இருந்துவிட்டு ஒவ்வொன்றாக மடிந்துவிடும். அவற்றின் இடத்தை நிரப்பப் புதியவை பிறக்காது. ராணி இருந்தால் கதை வேறு. லேசியஸ் நைஜர் என்னும் கறுப்புத் தோட்ட எறும்பின் ராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுக்கும் மேல் உயிரோடு இருந்ததாகப் பதிவு உண்டு. நாய், பூனையைவிட நீண்ட கால உறவு இது. இறங்குவதற்கு முன் அதையும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

புற்றைத் தோண்டாதீர்கள்

ராணி புற்றுக்குள் இருக்கிறாள், மண்வெட்டியை எடுத்தால் முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம். வளர்ந்த புற்றில் ராணி பெரும்பாலும் ஆழத்தில், எங்கோ ஒரு சந்துக்குள் இருப்பாள். தோண்டத் தோண்ட வழிகள் இடிந்து, அவள் மண்ணோடு நசுங்கிப்போவது சாதாரணம். உயிரோடு அகப்பட்டாலும், ஒரு பெரிய கூட்டத்துக்கு நடுவில் வாழ்ந்து பழகியவள் தனியாக டியூபில் மறுபடி குடும்பம் தொடங்குவது அரிது. மேலே விட்டுவந்த ஆயிரக்கணக்கான எறும்புகளின் கதியும் அத்தோடு முடிந்தது.

நமக்கு வேண்டியவள் இன்னும் குடும்பம் தொடங்காத புது ராணி. ஆண்டின் சில நாட்களில் அவளே வெளியே வந்து நம் காலடியில் நடப்பாள்.

கலவிப் பறப்பு

வளர்ந்த எறும்புக் கூட்டம் பருவம் வந்ததும் சிறகுள்ள இளம் ராணிகளையும் சிறகுள்ள ஆண்களையும் வளர்க்கும். தக்க வானிலை வாய்த்த ஒரு நாள், அந்த வட்டாரத்தில் அதே வகை எறும்பின் புற்றுகளெல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் திறந்து இவற்றை வெளியே அனுப்பும். வானத்திலோ, மரஉச்சியிலோ, தரையிலோ இணைசேரல் நடக்கும். ஆண்கள் ஓரிரு நாளில் செத்துவிடும். ராணி அன்று பெற்ற விந்தைத் தன் வயிற்றிலுள்ள ஒரு சிறு பையில் சேமித்து, வாழ்நாள் முழுவதும் அதையே செலவழிப்பாள். பெரும்பாலான வகைகளில் மறுபடி ஒரு பறப்பு கிடையாது.

தரைக்கு வந்ததும் சிறகுகளைக் காலால் தள்ளி உதிர்த்துவிடுவாள். பிறகு ஒளிய இடம் தேடி விறுவிறுவென்று ஓடுவாள். இறங்கிய நேரத்துக்கும் மண்ணுக்குள் போகும் நேரத்துக்கும் இடைப்பட்ட அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்கான வாய்ப்பு. பறவை, தும்பி, சிலந்தி, பல்லி, மற்ற எறும்புகள் எல்லாவற்றுக்கும் அதுவே வாய்ப்பு. பறந்தவற்றில் மிகச் சிலவே குடும்பம் தொடங்கும் வரை பிழைக்கும்.

நல்ல மழை பெய்து ஓய்ந்து, மண் நனைந்து, காற்று அசையாமல் இறுக்கமாக இருக்கும் நாளைக் குறிவையுங்கள். நமக்கு வியர்த்து வழிகிற புழுக்கம் அவற்றுக்கு உகந்த நேரம். ஈர மண் தோண்ட எளிது, குழி இடியாது, சிறகுள்ள உடல் காய்ந்துபோகாது. வெப்ப நாடுகளில் பருவமழையின் முதல் சில மழைகளை ஒட்டியும், குளிர் நாடுகளில் வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரையும் இது நடக்கும். நேரம் வகைக்கு வகை மாறும். லேசியஸ் நைஜர் கோடையின் நடுவில் பிற்பகலில் பறக்கும். ஐரோப்பாவின் விதை சேர்க்கும் எறும்பான மெஸ்ஸர் பார்பரஸ் இலையுதிர்கால மழைக்குப் பின் கிளம்பும். கட்டெறும்பு இனமான காம்போனோட்டஸில் பல வகைகள் அந்தி சாய்ந்த பிறகு பறந்து விளக்கைத் தேடி வரும். ஒரு வகை பறக்கும் நாளில் இன்னொரு வகை எட்டியே பார்க்காது.

ஈசலா, எறும்பா?

விளக்கைச் சுற்றி மொய்ப்பதையெல்லாம் ஈசல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஈசல் கறையான் இனம், எறும்பில்லை. உறவு முறையில் கரப்பான்பூச்சிக்குத்தான் பக்கம். இரண்டும் ஒரே மழைக்குக் கிளம்பி ஒரே விளக்கடியில் விழுவதால் குழப்பம் வரும். இடுப்பைப் பாருங்கள். எறும்புக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் நூல்போல ஒடுங்கியிருக்கும். ஈசலின் உடல் ஒடுக்கமே இல்லாமல் ஒரே தடிமனாக ஓடும். ஈசலின் நான்கு இறகும் ஒரே நீளம், உடலைவிட நன்றாக நீண்டிருக்கும்; எறும்பில் முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. உணர்கொம்பு எறும்புக்கு முழங்கைபோல மடிந்திருக்கும், ஈசலுக்கு மணி கோத்தாற்போல நேராக இருக்கும். இறகு உதிர்ந்த இரண்டு பூச்சிகள் ஒன்றின் பின் ஒன்றாக ரயில்பெட்டி மாதிரி ஓடினால் அவை கறையான் தம்பதி. அங்கே ராஜாவும் ராணியோடு சேர்ந்து குடித்தனம் நடத்துவான். எறும்பு உலகில் ராஜா கிடையாது.

ராணியை அடையாளம் காணுதல்

அளவை மட்டும் நம்பினால் என்னைப்போலத்தான் ஏமாறுவீர்கள். பெரிய தலை உள்ள வேலைக்காரிகள் பல வகைகளில் உண்டு. தலையை விட்டுவிட்டு மார்பைப் பாருங்கள். ராணி பறக்கப் பிறந்தவள். சிறகை இயக்கும் தசைகளுக்கு இடம் வேண்டும். அதனால் அவள் மார்பு முதுகுப்பக்கம் திமில்போல உயர்ந்து, தனித்தனித் தகடுகளாகப் பிரிந்து தெரியும். வேலைக்காரியின் மார்பு ஒல்லியாக, மேலே ஒரே கோடாக ஓடும்.

அடுத்து, சிறகு உதிர்ந்த தழும்பு. மார்பின் பக்கவாட்டில், சிறகு இருந்த இடத்தில் சிறு கறுப்புப் புள்ளிகளோ மேடுகளோ தெரியும். லென்ஸ் இருந்தால் தலை உச்சியையும் பாருங்கள்: பெரிய கண்கள் இரண்டைத் தவிர மூன்று குட்டிக் கண்கள் முக்கோணமாக இருக்கும். வயிறும் நீண்டு பருத்திருக்கும்.

சிறகோடு இருப்பது ஆணா பெண்ணா? ஆண் ஒல்லி, தலை சிறியது, கண் பெரியது, தாடை பேருக்கு இருக்கும். எறும்பைவிடக் குளவி சாயலே அதிகம். பறக்கும் நாளில் கண்ணில் படுவதில் ஆண்களே மிகுதி. எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. ஆசியா, ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் இரவு விளக்குக்குப் பழுப்பு நிறத்தில், நீண்டு உருண்ட வயிற்றோடு, விரல் கணு அளவுக்கு ஒரு பூச்சி வந்து தடதடவென்று மோதும். என்ன பெரிய ராணி என்று பாய்ந்து பிடிப்பார்கள். அது டோரைலஸ் என்னும் படை எறும்பின் ஆண். அதன் ராணிக்குச் சிறகே கிடையாது, தரைக்குள்ளேயே இருப்பவள். விளக்கடியில் எத்தனை வருடம் நின்றாலும் வரமாட்டாள். டயக்கம்மா என்னும் பெரிய கறுப்பு எறும்பில் ராணி என்ற பிறவியே இல்லை. கூட்டத்தில் ஒரு வேலைக்காரியே இணைசேர்ந்து முட்டையிடுவாள். மற்றவர்களின் மார்பிலுள்ள சிறு மொட்டுபோன்ற உறுப்புகளைக் கடித்து எடுத்து அவர்களை அடக்கிவைப்பாள். அந்த வகையின் ராணியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கையில் என்ன வேண்டும்

மூடியுள்ள சிறு குப்பிகள் ஏழெட்டு, மூடியில் ஊசித் துளையோடு. நுனி மெல்லிய ஓவியத் தூரிகை ஒன்று. இரவுக்குத் தலையில் மாட்டும் விளக்கு. ஈரமான பஞ்சு. குறிப்பெடுக்க நோட்டுப் புத்தகம். வீட்டில் முன்கூட்டியே தயார்செய்த டெஸ்ட் டியூபுகள். ராணியைப் பிடித்த பிறகு டியூபுக்கு அலைபவர்கள்தான் அதிகம், அப்படி ஆகிவிடாதீர்கள்.

எங்கே, எப்படித் தேடுவது

புல் அடர்ந்த இடத்தில் ராணி நடந்தாலும் தெரியாது. வெறுந்தரை, நடைபாதை, சுவரோரம், மொட்டைமாடி, மைதானத்தின் விளிம்பு இவைதான் கண்ணுக்கு எளிது. முதல் அரைமணி நேரம் எதுவும் தெரியாது. பிறகு கண் பழகும். உணவு தேடும் வேலைக்காரி முகர்ந்து முகர்ந்து வளைந்து போவாள். ராணியோ நிற்காமல் ஓடுவாள், ஒவ்வொரு விரிசலிலும் தலையை நுழைத்துப் பார்ப்பாள், அடுத்ததற்கு ஓடுவாள். வீடு தேடி அலைகிற நடை அது. ஒருமுறை பார்த்துவிட்டால் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம்.

இரவில் சுவரில் விளக்கு விழும் இடத்துக்கு அடியில் பாருங்கள். விளக்கைவிட, அதன் ஒளி மங்கி முடியும் ஓரங்களில் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது. ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி அதன்மீது ஒளி பாய்ச்சினாலும் வரும். நீச்சல்குளம், தொட்டி, வாளித் தண்ணீரில் மிதக்கும் ராணியைச் செத்தது என்று தள்ளிவிடாதீர்கள்; எடுத்து உலர்ந்த துணியில் வைத்தால் பல சமயம் எழுந்து நடக்கும்.

பறப்பு முடிந்து ஒன்றிரண்டு நாள் ஆகிவிட்டதா? ஈரத்தரையில் புதிதாகத் தள்ளிய மண் உருண்டைகள் ஒரு சிறு துளையைச் சுற்றி இருக்கின்றனவா என்று பாருங்கள். வேலைக்காரிகள் போக்குவரத்து இல்லாமல் துளை மூடிக்கிடந்தால் உள்ளே ஒரே ஒரு ராணி இருக்க வாய்ப்பு உண்டு. விரல் நீள ஆழத்துக்குள்தான் பெரும்பாலும் அறை இருக்கும். கரண்டியால் பக்கவாட்டிலிருந்து மெல்லச் சரித்து எடுங்கள். கற்களையும் பட்டுப்போன மரப்பட்டையையும் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் புரட்டியதை இருந்தபடியே திருப்பி வையுங்கள். அடியில் வாழ்பவை ஏராளம், அவற்றுக்குக் கூரை அது. தேளும் பாம்பும்கூட அங்கேதான் இருக்கும். கல்லை உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். திறப்பு உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

மரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பின் ராணி தரையில் குடியேறுபவளில்லை. இலைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து முட்டையிடுவாள். ஆசிய முசுறின் ராணி பச்சை நிறம், பார்த்தால் மறக்காது.

பிடிக்கும்போது விரலால் கிள்ள வேண்டாம். காலோ உணர்கொம்போ ஒடிந்துவிடலாம். குப்பியை முன்னால் வைத்து, பின்னாலிருந்து தூரிகையால் தட்டினால் தானே ஏறுவாள். கொட்டும் வகைகளும் உண்டு. செந்நிற மார்பும் கறுப்புத் தலை, வயிறுமாக மரத்தில் ஓடும் டெட்ராபோனெரா ருஃபோனைக்ராவின் கொட்டு நன்றாகவே வலிக்கும். பூச்சிக்கடி ஒவ்வாமை இருப்பவர்கள் தனியே போகாதீர்கள்.

ஒரு குப்பிக்கு ஒரு ராணி. இரண்டு பேரை ஒன்றாகப் போட்டால் வேகமாக வளருமே என்று தோன்றும். சில வகைகளில் பல ராணிகள் சேர்ந்து தொடங்குவது உண்மைதான். ஆனால் முதல் வேலைக்காரிகள் பிறந்ததும் பெரும்பாலும் சண்டை மூண்டு, ஒருத்தியே மிஞ்சுவாள்.

சிறகு உதிராதவளை எடுக்கலாமா? பறப்பு நாளில் தரையில் தனியாக அலைபவள் என்றால் எடுக்கலாம், ஓரிரு நாள் பொறுக்கலாம். சில வகைகளில் இணைசேர்ந்த பிறகும் சிறகு கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். புற்று வாயிலில் வேலைக்காரிகள் சூழ நிற்கும் சிறகுள்ள ராணி இன்னும் பறக்காதவள். அவளை எடுத்துப் பயனில்லை. பெரும்பாலான எறும்புகளில் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் மட்டுமே பிறக்கும். பிள்ளை பார்க்க வேலைக்காரி பிறக்கமாட்டாள்.

எத்தனை எடுப்பது, சட்டம் என்ன சொல்கிறது

மூன்று அல்லது நான்கு போதும். ஒன்றிரண்டு மலடாகவோ பலவீனமாகவோ போனாலும் ஒன்று தேறும். தேசியப் பூங்கா, காப்புக்காடு, சரணாலயம் பக்கம் குப்பியோடு போகாதீர்கள். 2025 ஏப்ரலில் கென்யாவில் பெல்ஜியத்தைச் சேர்ந்த 19 வயது இளைஞர்கள் இருவர் சுமார் 5,000 ராணி எறும்புகளோடு பிடிபட்டார்கள். நாம் செய்வதுபோலவே பஞ்சு வைத்த டியூபுகளில், 2,200-க்கும் மேற்பட்ட டியூபுகளில், வைத்திருந்தார்கள். மே மாதம் நீதிமன்றம் 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், இல்லையென்றால் 12 மாதச் சிறை என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் எறும்பை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகவே வேளாண் துறையின் அனுமதி வேண்டும்.

இது வெறும் கெடுபிடி இல்லை. தென் அமெரிக்காவின் செந்தீ எறும்பு 1930-களில் சரக்கோடு அமெரிக்கத் தெற்குக் கரையில் இறங்கி, இன்றுவரை ஒழிக்க முடியாதபடி பரவிவிட்டது. வளர்க்க முடியாமல் போனால் பிடித்த இடத்திலேயே விடுங்கள். வேறு ஊரில் பிடித்ததை உங்கள் ஊரில் விடவே கூடாது.

டெஸ்ட் டியூப்

15 செ.மீ. நீளம், 16 மி.மீ. அகலம் உள்ள கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டியூப் பெரும்பாலான ராணிகளுக்குப் பொருந்தும். மூன்றில் ஒரு பங்கு சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். பஞ்சை உருட்டி, தண்ணீரைத் தொடும் வரை உள்ளே தள்ளுங்கள். பஞ்சு நனைந்து மேல்பக்கம் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. தளர்வாக இருந்தால் ஒருநாள் வெள்ளம் வந்து ராணி மூழ்குவாள். டியூபைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் ராணியை விடுவேன். அவள் போனதும் வாயை உலர்ந்த பஞ்சால் அடையுங்கள். காற்று அதன் வழியே போகும். ரப்பர் மூடி வேண்டாம்.

டியூபைப் படுக்கவைத்து, கறுப்புத் துணியோ காகிதமோ சுற்றி, அதிராத அலமாரியில் வையுங்கள். 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் பெரும்பாலானவற்றுக்கு ஏற்றது. வெயில் படும் ஜன்னலோரம் மட்டும் வேண்டாம், சில நிமிடத்தில் உள்ளே வெந்துவிடும்.

இனி உங்கள் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. இந்தப் பொழுதுபோக்கில் மிகக் கடினமான கட்டம் இதுவே. பெரும்பாலான வகைகளில் ராணி தன்னை உள்ளே அடைத்துக்கொண்டு, இனித் தேவைப்படாத சிறகுத் தசையையும் உடல் கொழுப்பையும் கரைத்து முதல் பிள்ளைகளுக்கு ஊட்டுவாள். அவளுக்குச் சாப்பாடு வேண்டாம். நாளுக்கு மூன்று முறை துணியை விலக்கி விளக்கடித்துப் பார்த்தால், கலங்கிப்போய் இட்ட முட்டையைத் தானே தின்றுவிடுவாள். வாரத்துக்கு ஒருமுறை, அரைநிமிடம் போதும். முட்டை, புழு, கூட்டுப்புழு, பிறகு வேலைக்காரி. வகைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப 4 முதல் 10 வாரம் ஆகலாம், கட்டெறும்பு நிதானக்காரி. குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் பறந்தவள் குளிர்கால உறக்கம் முடிந்த பிறகே முட்டையிடுவதும் உண்டு.

எல்லா ராணியும் இப்படிப் பட்டினி கிடப்பதில்லை. மார்பும் வயிறும் வேலைக்காரியைவிட அதிகம் பெரிதாக இல்லாமல், தாடை மட்டும் வலுவாக இருந்தால், இடையிடையே வெளியே வந்து இரைதேடும் வகையாக இருக்கலாம். பொனேரினே என்னும் துணைக்குடும்பத்துக் கொட்டெறும்புகளில் பல இப்படித்தான். அவளுக்குச் சிறு பூச்சித் துண்டும் ஒரு சொட்டு இனிப்பு நீரும் கொடுக்க வேண்டும். இன்னும் சில ராணிகள் ஒட்டுண்ணிகள்: சிறு வயிறும் பெரிய தலையுமாக வேறு வகையின் புற்றுக்குள் நுழைந்து, அங்குள்ள ராணியைத் தீர்த்துவிட்டு, அதன் வேலைக்காரிகளைக்கொண்டே பிள்ளை வளர்ப்பவர்கள். லேசியஸ் அம்ப்ராட்டஸ் அப்படிப்பட்டவள். புதியவர்கள் இவளைத் தொடாதிருப்பது நல்லது.

முதல் வேலைக்காரிகள் சோகையாக, சிறுத்துப் பிறப்பார்கள். அஞ்ச வேண்டாம், முதல் ஈடு எப்போதும் அப்படித்தான். ஓரிரு நாள் கழித்து வாய்ப்பஞ்சை விலக்கி, குண்டூசித் தலையளவு சர்க்கரைத் தண்ணீரும், கொன்ற கொசுவோ பழ ஈயோ ஒன்றும் வையுங்கள். மருந்தடித்த வீட்டில் செத்த பூச்சி வேண்டாம். மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்கள், பூஞ்சணம் அதிலிருந்துதான் தொடங்கும். உடனே பெரிய கண்ணாடிக் கூட்டுக்கு மாற்ற ஆசை வரும். இருபது பேராவது ஆகட்டும். அதுவரை அவர்களுக்கு டியூபே அரண்மனை. தண்ணீர் தீர்ந்தால் புது டியூப் ஒன்றை வாயோடு வாய் ஒட்டி, பழையதன் மேலிருந்த துணியைப் புதியதற்கு மாற்றுங்கள். இருட்டுக்கு அவர்களே குடிபோவார்கள். உதறிக் கொட்டாதீர்கள்.

பிடித்த அன்றே நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, மணி, முந்தைய மழை எப்போது, காற்று எப்படி, எந்த இடம், என்ன நிறம், எத்தனை மி.மீ. ஒன்றுமே கிடைக்காத நாளையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே வாரத்தில் முதல் மழை ஓய்ந்ததும், குப்பிகளோடு அதே சுவரோரத்தில் போய் நில்லுங்கள்.